எக்ஸ்எம்எல் ஃபைலை ஆப்ஜெக்ட் ஆக்க 22 குறிப்புகள்

எக்ஸ்எம்எல் ஃபைலைப் படித்து கிளாஸில் நிரப்ப எந்த லைப்ரரி நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். போன புராஜெக்ட்டில் அவரவர் எதைப் போட்டார்களோ அதுதான் அந்தப் பெயர். ஃபைலைப் பார்க்காமல் சொல்லும் பதில் எதையும் நம்ப வேண்டாம் என்பது என் கட்சி. கீழே உள்ளவற்றில் ஜாவாவுக்கே இடம் அதிகம். டாட்நெட், பைத்தான்காரர்களுக்கும் ஒன்றிரண்டு உண்டு.

1. லைப்ரரி தேடும் முன் ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதன் வடிவம் உங்கள் கையிலா, அடுத்தவர் கையிலா? பத்து கேபியா, பத்து ஜிபியா? படித்தால் போதுமா, திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டுமா? எக்ஸ்எஸ்டி ஸ்கீமா தருகிறார்களா? இந்த நாலுக்கும் பதில் எழுதினாலே பாதி லைப்ரரிகள் கழிந்துவிடும்.

டேலியிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த டே புக்கை எடுத்துக்கொள்வோம். கணக்கு சம்பந்தமாக மென்பொருள் செய்பவர்களுக்கு இது பழகிய ஃபைல். மேலே 'என்வலப்', உள்ளே 'பாடி', இன்னும் உள்ளே போனால் பதிவுக்கு ஒரு 'டேலிமெசேஜ்', அதற்குள் 'வவுச்சர்'. வவுச்சருக்குள் லெட்ஜர் வரிகள் 'ஆல்லெட்ஜர்என்ட்ரீஸ்.லிஸ்ட்' என்ற டேக்கில் வரும். பெயருக்கு நடுவில் இருக்கும் புள்ளியைக் கவனியுங்கள். எக்ஸ்எம்எல்லில் அது செல்லும். ஜாவா, சி ஷார்ப் ஃபீல்டு பெயரில் செல்லாது. ஆகவே டேக் பெயரையே ஃபீல்டு பெயராக எடுத்துக்கொள்ளும் லைப்ரரி இங்கே உதவாது. டேக் பெயரைத் தனியாக எழுதிக் காட்ட அனோட்டேஷன் வசதி வேண்டும். ஒரே ஒரு டேக்கைப் பார்த்ததில் இவ்வளவு தெரிந்துவிட்டது.

2. நாலைந்து மதிப்புகள் மட்டும் வேண்டுமென்றால் கிளாஸே வேண்டாம். எக்ஸ்பாத் வரி நாலைந்து எழுதினால் வேலை முடிந்தது. இன்வாய்ஸ் நம்பரையும் தொகையையும் எடுப்பதற்காக ஐம்பது கிளாஸ் உருவாக்கி வைத்திருக்கும் புராஜெக்ட்டுகள் நிறைய உண்டு.

3. ஸ்கீமா கையில் இருந்தால் கிளாஸைக் கையால் எழுதாதீர்கள். பேங்குக்குப் பணப்பட்டுவாடா உத்தரவு அனுப்பும் ஐஎஸ்ஓ 20022 'பெயின்.001' ஃபைலைப் போல அடுக்குக்குள் அடுக்காகப் போகும் வடிவங்களில் கையால் எழுதினால் பிழைதான். ஜாவாவில் எக்ஸ்ஜேசி, டாட்நெட்டில் எக்ஸ்எஸ்டி டாட் எக்ஸ்இ, பைத்தானில் எக்ஸ்எஸ்டேட்டா ஆகியவை ஸ்கீமாவைப் படித்து கிளாஸ்களைத் தாமே எழுதும். அவை எழுதியதைத் தொட்டுத் திருத்தாதீர்கள். பெயர் பிடிக்கவில்லை, தேதிக்கு வேறு டைப் வேண்டும் என்றால், ஜாவாவில் அதற்கென்று பைண்டிங் ஃபைல் இருக்கிறது; அதில் சொல்லுங்கள். ஒவ்வொரு பில்டிலும் கிளாஸ்கள் புதிதாக உருவாகட்டும். கையால் செய்த திருத்தம் அடுத்த ஸ்கீமா வெர்ஷன் வரும் அன்றே காணாமல் போகும்.

எக்ஸ்ஜேசி சில இடங்களில் பார்க்கச் சகிக்காமல் எழுதும் என்பதும் உண்மை. 'இது அல்லது அது' என்று திரும்பத் திரும்ப வரும் சாய்ஸ் ஸ்கீமாவில் இருந்தால், இரண்டின் பெயரையும் 'ஆர்' போட்டு ஒட்டிய லிஸ்ட் ஒன்று வரும். ஒரு எலிமென்ட் வராமலும் இருக்கலாம், வந்து 'நல்' ஆகவும், அதாவது மதிப்பில்லாமலும், இருக்கலாம் என்றால், மதிப்பை நேரடியாகத் தராமல் 'ஜாக்ஸ்பி எலிமென்ட்' என்ற உறையில் போட்டுத் தரும். வராததும் நல்லாக வந்ததும் வேறு வேறு என்று காட்டத்தான் அந்த உறை. அதோடு சண்டை போடுவதை விட 22-வது குறிப்பைப் பாருங்கள்.

4. ஸ்கீமா இல்லையென்றால், மாதிரி ஃபைலைக் கொடுத்து ஸ்கீமாவை ஊகிக்க வைக்கும் கருவிகள் கிடைக்கும். முதல் வரைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியில் ஒரே ஒரு சரக்கு இருந்தால், அங்கே எப்போதும் ஒன்றுதான் வரும் என்று கருவி நினைத்துக்கொள்ளும். '0012' என்ற பில் நம்பரைப் பார்த்து இன்டிஜர் என்று எழுதும். முன்னால் உள்ள பூஜ்யங்கள் போயே போகும்.

5. ஜாவாவில் ஜாக்ஸ்-பி போடுவதாக இருந்தால் எந்த ஜாவா, எந்த ஜாக்ஸ்-பி என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2006 டிசம்பரில் வந்த ஜாவா 6-லிருந்து அது ஜாவாவோடு சேர்ந்தே வந்தது. 2017-ல் ஜாவா 9 அதை ஓரங்கட்டியது, 2018 செப்டம்பரில் ஜாவா 11 எடுத்தே விட்டது. அதனால்தான் ஜாவா 8-ல் ஒழுங்காக ஓடிய புரோகிராம் 11-ல் கிளாஸைக் காணோம் என்று நிற்கிறது. இப்போது மேவனில் இரண்டைச் சேர்க்க வேண்டும்: ஏபிஐ ஒன்று, அதை ஓட்டும் ரன்டைம் ஒன்று.

இதற்கு மேல் பெயர் மாற்றம் வேறு. 3.0-லிருந்து பேக்கேஜ் பெயர் 'ஜாவாஎக்ஸ்' போய் 'ஜகார்த்தா' ஆகிவிட்டது. பழைய பெயரில் அனோட்டேஷன் எழுதிய கிளாஸைப் புதிய ரன்டைமிடம் கொடுத்தால் கம்பைல் ஆகும். ஆனால் அந்த அனோட்டேஷன்கள் ரன்டைமின் கண்ணில் படாது. ஓடும்போது, எதிர்பாராத எலிமென்ட் வந்திருக்கிறது என்று ரூட் டேக்கிலேயே தடுக்கி விழும். இணையத்தில் எடுத்த மாதிரி கோடு ஓடவில்லை என்றால் முதலில் இம்போர்ட் வரிகளைப் பாருங்கள்.

6. ஒரே கிளாஸ் ஜேசானாகவும் எக்ஸ்எம்எல்லாகவும் போக வேண்டுமென்றால் ஜாக்சன். ஸ்பிரிங் பூட் புராஜெக்ட்டுகளில் ஜாக்சன் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும். எக்ஸ்எம்எல்லுக்கான துணை லைப்ரரியை மட்டும் சேர்த்தால் போதும். ஒன்றை மறக்கக் கூடாது. லிஸ்ட்டைச் சுற்றி ஒரு வெளி டேக் இருக்கும் என்று ஜாக்சன் எதிர்பார்க்கும், ஜாக்ஸ்-பி எதிர்பார்க்காது. டேலியின் லெட்ஜர் வரிகள் வெளி டேக் இல்லாமல் வவுச்சருக்குள் நேராக வருபவை. ஜாக்சனில் அந்த ராப்பிங்கை அணைத்து வைக்க வேண்டும்.

7. எக்ஸ்ஸ்ட்ரீம் சுலபம், அனோட்டேஷன் எதுவும் இல்லாமலே ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல் ஆக்கி மீட்டெடுக்கும். நீங்களே எழுதி நீங்களே படிக்கும் செட்டிங்ஸ் ஃபைலுக்குப் பரவாயில்லை. வெளியாள் அனுப்பும் ஃபைலுக்கு வேண்டாம். எந்த கிளாஸை உருவாக்குவது என்று ஃபைலே சொல்லலாம் என்பது அதன் வசதி, அதுவேதான் ஓட்டை. 2017-ல் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸின் ரெஸ்ட் பிளகினில் வெளியிலிருந்து கட்டளை ஓட்ட வழிவிட்ட குறை இந்த வழியில்தான் வந்தது. 1.4.18-லிருந்து, அனுமதித்த கிளாஸ்களை மட்டும் ஏற்பது இயல்பு அமைப்பாகிவிட்டது. பழைய வெர்ஷன் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

8. டாட்நெட்டில் அடுத்தவர் ஃபைலைப் படிக்க எக்ஸ்எம்எல்சீரியலைசரைப் போடுங்கள், டேட்டாகான்ட்ராக்ட்சீரியலைசர் வேண்டாம். பின்னது, நீங்கள் வரிசை சொல்லாவிட்டால், எலிமென்ட்டுகள் அகரவரிசையில் வரும் என்று நினைத்துக்கொள்ளும். வரிசை மாறி வந்த எலிமென்ட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எக்ஸ்எம்எல்சீரியலைசரிலும் ஒரு பொறி உண்டு. டைப் மட்டும், அல்லது டைப்பும் டிஃபால்ட் நேம்ஸ்பேஸும் கொடுக்கும் எளிய கன்ஸ்ட்ரக்டர்கள் உருவாக்கிய அசெம்பிளியைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்தும். ரூட் பெயரை மாற்றும் கன்ஸ்ட்ரக்டர் போன்ற மற்றவை ஒவ்வொரு முறையும் புதிய அசெம்பிளியை ஏற்றும், அது இறங்காது. இரவெல்லாம் ஓடும் சர்வீஸில் மெமரி ஏறிக்கொண்டே போனால் இதைத் தேடிப் பாருங்கள். அந்த ஆப்ஜெக்ட்டை ஒருமுறை உருவாக்கி ஸ்டாட்டிக்காக வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

9. பைத்தானில் எக்ஸ்எம்எல்டுடிக்ட் போட்டால் இரண்டே வரியில் டிக்ஷனரி கிடைக்கும். ஆனால் வவுச்சரில் மூன்று சரக்கு இருந்தால் லிஸ்ட் தரும், ஒன்றே ஒன்று இருந்தால் வெறும் டிக்ஷனரி தரும். அப்போது ஃபார் லூப் சரக்குகளின் மேல் ஓடாமல் டிக்ஷனரியின் கீகளின் மேல் ஓடும். 'ஃபோர்ஸ்_லிஸ்ட்' என்ற ஆப்ஷனில் அந்த டேக்கின் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

10. ஆண்ட்ராய்டில் ஜாக்ஸ்-பி கிடையாது. கூடவே வரும் எக்ஸ்எம்எல்புல்பார்சர் சின்ன ஃபைல்களுக்குத் தாராளம்.

11. மதிப்புகளை எழுதியிருக்கும் விதத்தைத் தனியாகப் பாருங்கள். எக்ஸ்எஸ்டி சொல்லும் பூலியன் ட்ரூ, ஃபால்ஸ், 1, 0 ஆகிய நான்குதான். டேலியில் வருவது 'யெஸ்', 'நோ'. எக்ஸ்எஸ்டி தேதி 2024-04-01, டேலியில் 20240401. பற்றுத் தொகை மைனஸ் குறியோடு வரும், கூடவே அது பற்றா வரவா என்று சொல்லும் 'இஸ்டீம்ட்பாசிட்டிவ்' என்ற டேக்கும் வரும். இவற்றுக்கெல்லாம் ஜாக்ஸ்-பியில் அடாப்டர், ஜாக்சனில் டிசீரியலைசர் என்று ஒவ்வொரு சிறு கிளாஸ் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஸ்டிரிங்காக வாங்கிப் புரோகிராம் முழுக்க ஆங்காங்கே மாற்றிக்கொண்டிருப்பதை விட அது மேல். பணத்துக்கு பிக்டெசிமல் அல்லது டெசிமல் மட்டுமே. டபுள் போட்டால் பைசா கணக்கு உதைக்கும்.

இன்னொரு தொல்லை: எக்ஸ்போர்ட்டில் சில இடங்களில் 'பிரைமரி' போன்ற சொற்களுக்கு முன்னால் 4 என்ற எண்ணுள்ள கன்ட்ரோல் கேரக்டர் ஒட்டிக்கொண்டு வரும். எக்ஸ்எம்எல் 1.0-ல் அது அனுமதி இல்லாத எழுத்து. எந்த லைப்ரரி போட்டாலும் பார்சர் அங்கேயே நின்றுவிடும். படிக்கும் முன் அதை நீக்கும் ஒரு வடிகட்டி வேண்டும்.

12. லைப்ரரி எதைக் கண்டும் காணாமல் விடும் என்று கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு செய்வதில் வேகத்தை விட இது முக்கியம். தெரியாத டேக் வந்தால் ஜாக்சன் எரர் கொடுத்து நிற்கும். ஜாக்ஸ்-பி, எக்ஸ்எம்எல்சீரியலைசர் இரண்டும் தாண்டிப் போகும். அது கூடப் பரவாயில்லை. தொகை '1,25,000.00' என்று காற்புள்ளியோடு வந்திருக்கிறது என்று வையுங்கள். ஜாக்சனும் எக்ஸ்எம்எல்சீரியலைசரும் எரர் காட்டும். ஜாக்ஸ்-பி மட்டும், நீங்கள் வேறு சொல்லாத வரை, அந்த ஃபீல்டை நல்லாகவே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும். ஃபைல் முழுவதும் படித்து முடித்ததாகச் சொல்லும். ஒன்றேகால் லட்சம் ரூபாய் எங்கே போனது என்று ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியும். அன்மார்ஷலரில் ஈவென்ட் ஹேண்ட்லர் ஒன்றை வைத்து, எந்தக் குறை வந்தாலும் நிறுத்து என்று சொல்லுங்கள். ஸ்கீமா இருந்தால் அதையும் அன்மார்ஷலரிடம் கொடுத்துவிட்டால், படிக்கும்போதே சரிபார்க்கும்.

இதே வகையில் இன்னொன்று: இன்ட் என்று எழுதினால், வராத எலிமென்ட்டும் 0 தான், 0 என்று வந்த எலிமென்ட்டும் 0 தான். வித்தியாசம் வேண்டுமென்றால் இன்டிஜர் என்று எழுதுங்கள்.

13. பெரிய ஃபைலை முழுதாக ஏற்றாதீர்கள். விக்கிப்பீடியா தன் கட்டுரைகள் அனைத்தையும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலாகச் சுருக்கி இறக்கிக்கொள்ளத் தருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் தனியாக உண்டு. இப்படிப்பட்ட ஃபைலை டாம் மரமாக ஏற்றினால் ஃபைல் அளவைப் போல் பல மடங்கு மெமரி கேட்கும். முழு ஃபைலையும் ஒரே ஆப்ஜெக்ட்டாக மேப் செய்தாலும் அதே கதை. ஆனால் அதன் அமைப்பு எளிது: ரூட்டுக்குக் கீழே 'பேஜ்', 'பேஜ்', 'பேஜ்' என்று ஆயிரக்கணக்கில். ஸ்டாக்ஸ் ரீடரால் நகர்ந்து போய், 'பேஜ்' தொடங்கும் இடத்தில் மட்டும் ஜாக்ஸ்-பியைக் கூப்பிட்டு அந்த ஒரு துண்டை ஆப்ஜெக்ட் ஆக்குங்கள். வேலை முடிந்ததும் விட்டுவிட்டு அடுத்த 'பேஜ்'. மெமரியில் எந்நேரமும் ஒரு கட்டுரைதான் இருக்கும். டேலி டே புக்கையும் வவுச்சர் வவுச்சராக இப்படியே படிக்கலாம். ஸ்ட்ரீமிங்கா மேப்பிங்கா என்று வாதாடுபவர்கள் இரண்டையும் சேர்க்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

14. நேம்ஸ்பேஸைப் பாருங்கள். அதே விக்கிப்பீடியா ஃபைலின் ரூட் டேக்கில் உள்ள நேம்ஸ்பேஸ் முகவரியின் கடைசியில் 'எக்ஸ்போர்ட்-0.10' என்று இருந்தது, பிறகு 'எக்ஸ்போர்ட்-0.11' ஆனது. மனிதக் கண்ணுக்கு ஒரு இலக்க வித்தியாசம். பார்சருக்கு ஒவ்வொரு டேக்கும் புதுப் பெயர். 13-ல் சொன்னபடி துண்டு துண்டாகப் படித்தால் எரர் கூட வராது. எல்லா ஃபீல்டும் நல்லாக இருக்கும் ஆப்ஜெக்ட்டுகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். எல்லாம் நல் என்றால் கோடைத் தோண்டும் முன் நேம்ஸ்பேஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஜாக்ஸ்-பியில் ஒவ்வொரு ஃபீல்டிலும் அதை எழுத வேண்டியதில்லை. பேக்கேஜ்-இன்ஃபோ ஃபைலில் ஒரு இடத்தில் எழுதினால் போதும்.

15. தமிழ் எழுத்து உள்ள ஃபைலை ஸ்டிரிங்காகப் படித்துப் பார்சரிடம் தராதீர்கள், பைட்டுகளாகவே தாருங்கள். என்ன என்கோடிங் என்று ஃபைலின் முதல் வரியே சொல்கிறது, பார்சர் அதைப் பார்த்துக்கொள்ளும். நடுவில் நீங்கள் என்கோடிங் சொல்லாமல் ஸ்டிரிங் ஆக்கினால், 2022-ல் வந்த ஜாவா 18-க்கு முந்தைய வெர்ஷன்களில், விண்டோஸின் சொந்த என்கோடிங் புகுந்து 'தமிழ்' என்பது கேள்விக்குறிகளாகவும் கிறுக்கல்களாகவும் வரும். எழுதும்போதும் இதே சிக்கல். டாட்நெட்டில் ஸ்டிரிங்ரைட்டரில் எழுதினால் முதல் வரியில் யுடிஎஃப்-16 என்று வரும்; அதையே யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் சொன்னது ஒன்று, இருப்பது ஒன்று. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய டேட்டா என்றால் எந்த மேப்பிங்கும் காப்பாற்றாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

16. வெளியிலிருந்து வரும் ஃபைலுக்கு டிடிடியை மூடிவிடுங்கள். ஒரு கேபி கூட இல்லாத ஃபைலில், ஒன்று பத்தாக விரியும் என்டிட்டிகளை அடுக்கி, மூன்றெழுத்துச் சொல்லை 100 கோடி தடவை விரிய வைத்து சர்வரைப் படுக்க வைக்கலாம். 'பில்லியன் லாஃப்ஸ்' என்று பெயரே உண்டு. வெளி என்டிட்டி வழியாக சர்வரில் உள்ள ஃபைலைப் படித்துக்கொண்டு போகவும் முடியும். ஜாவாவில் ஸ்டாக்ஸ் ஃபேக்டரியில் டிடிடி ஆதரவை அணைத்து, அந்த ரீடரை ஜாக்ஸ்-பியிடம் கொடுங்கள். பைத்தானில் டிஃப்யூஸ்ட்எக்ஸ்எம்எல் என்று இதற்கென்றே ஒரு லைப்ரரி இருக்கிறது.

17. டிஜிட்டல் கையொப்பம் உள்ள ஃபைலில் வரிசை முக்கியம்: முதலில் கையொப்பத்தைச் சரிபார்ப்பது, பிறகு மேப்பிங். ஆதார் ஆஃப்லைன் இகேஒய்சி என்று ஷேர் கோடு போட்டு இறக்கும் ஜிப்புக்குள் இருப்பது இப்படி யுஐடிஏஐ கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல்தான். வந்த ஃபைலின் மேலேயே சரிபாருங்கள். ஆப்ஜெக்ட் ஆக்கித் திரும்ப எழுதியதன் மேல் சரிபார்த்தால், டேக்குகளுக்கு நடுவே ஒரு வெற்றிடம் கூடிக் குறைந்தாலும் கையொப்பம் பொருந்தாது. மூல ஃபைலை அப்படியே சேமித்தும் வையுங்கள்.

18. திருத்தித் திருப்பி எழுத வேண்டிய ஃபைல் என்றால் மேப்பிங் ஆபத்தானது. உங்கள் கிளாஸில் இல்லாத டேக்குகள், கமென்ட்டுகள் எல்லாம் எழுதும்போது போய்விடும். ஒரு மதிப்பை மட்டும் மாற்ற டாம் அல்லது எக்ஸ்எஸ்எல்டி போதும்.

19. வாக்கியத்துக்கு நடுவே டேக் வரும் ஃபைல்களை, அதாவது எக்ஸ்எச்டிஎம்எல், டாக்புக் போன்ற எழுத்து ஆவணங்களை, நீங்களாக மேப் செய்யாதீர்கள். டாக்எக்ஸ் ஃபைலில் ஒரே சொல் இரண்டு மூன்று 'ரன்'களாக உடைந்து கிடக்கும். அதற்கு அப்பாச்சி பிஓஐ, டாக்எக்ஸ்4ஜே இருக்கின்றன. முன்னது எக்ஸ்எம்எல்பீன்ஸ் மேலும் பின்னது ஜாக்ஸ்-பி மேலும் கட்டியது. ஒரே ஃபைலுக்கு இரண்டு அணிகள் இரண்டு வழி எடுத்து இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன.

20. ஜாக்ஸ்பி கான்டெக்ஸ்ட்டை ஒருமுறை உருவாக்கி எல்லா த்ரெட்டும் பகிர்ந்துகொள்ளலாம். அதை உருவாக்கத்தான் நேரம் பிடிக்கும். அன்மார்ஷலரைப் பகிரக் கூடாது, த்ரெட்டுக்கு ஒன்று.

21. லைப்ரரிக்கு இப்போது ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கேஸ்டர், ஜிபிக்ஸ் எல்லாம் ஒரு காலத்தில் ஓடு ஓடென்று ஓடியவை. எக்ஸ்எம்எல்பீன்ஸை 2014-ல் அப்பாச்சி பரணில் ஏற்றிவிட்டது. பிஓஐக்கு அது இல்லாமல் முடியாது என்பதால் அந்த அணியே 2018-ல் இறக்கி எடுத்துப் பராமரிக்கத் தொடங்கியது. எல்லா லைப்ரரிக்கும் அப்படி ஒரு சொந்தக்காரர் வரமாட்டார். கடைசி வெளியீட்டின் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. யார் அதன் மேல் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

22. மேப் செய்த கிளாஸ்களைப் புரோகிராம் முழுக்கப் பரவ விடாதீர்கள். எக்ஸ்எம்எல்லிலிருந்து வந்த 'வவுச்சர்' வேறு, உங்கள் புரோகிராமின் வவுச்சர் வேறு. உங்களுடையதில் புள்ளி வைத்த பெயர் இருக்காது, 'யெஸ்' இருக்காது, ஜாக்ஸ்பி உறை இருக்காது. பற்றும் வரவும் தெளிவாகப் பிரிந்திருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும் இடம் ஒரே கிளாஸாக இருக்கட்டும். ஜாவாவில் இதை எழுத அலுப்பாக இருந்தால் மேப்ஸ்ட்ரக்ட் எழுதித் தரும். சின்னப் புரோகிராமுக்கு இது வீண் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. ஃபைல் வடிவம் உங்கள் கையில் இருந்தால் அது சரிதான், அப்போது விட்டுவிடலாம். அடுத்தவர் கையில் இருந்தால் விடாதீர்கள். வருமான வரி ரிட்டர்ன் பல ஆண்டுகளாக எக்ஸ்எம்எல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2021-22 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஜேசான் என்று ஆனது. வரிக் கணக்கு போடும் கோடும் எக்ஸ்எம்எல் கிளாஸும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த மென்பொருள்களில் எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டும். தனியாக வைத்திருந்தால் எழுதும் பகுதியை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.